முதுகுப் பரு: குளிக்கிற நேரத்துக்குள் முடிகிற வைத்தியம்

முகத்தில் ஒரு பரு வந்தால் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். முதுகில் வந்தால் சட்டைக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடுவோம். வெள்ளைப் பனியனில் ரத்தப்புள்ளி தெரிகிறவரை அதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. பாளையங்கோட்டையில் குடியிருந்து, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பைக்கில் தினமும் திருநெல்வேலி டவுனுக்குப் போய்வருகிற எனக்கு இது பல கோடைகளாகக் கூடவே இருந்தது. இப்போது இல்லை. தோளில் கொஞ்சம் பழைய கறை மட்டும் பாக்கி. அதற்கு நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முகத்துக்குச் செய்கிற வைத்தியம் முதுகுக்கு ஒத்துவராது. இடம் பெரியது. ஒரு சின்ன ட்யூப் களிம்பு நாலு நாளில் காலியாகிவிடும். கையும் எட்டாது, போட்டதும் சட்டையில் ஒட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே மருந்தைக் குளிக்கும்போதே போட்டு, குளிக்கும்போதே கழுவிவிட வேண்டும். மற்றதெல்லாம் இதற்குத் துணைதான்.

முதலில், அது பருதானா?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நம் ஊர் வெயிலில் முதுகில் முளைப்பதெல்லாம் பரு இல்லை. கத்திரி வெயில் நாட்களில் பொடிப்பொடியாக வந்து சுருக்கு சுருக்கென்று குத்துவது வியர்க்குரு. உடம்பு குளிர்ந்தால் தானாக அடங்கிவிடும். ஒற்றையாகத் திரண்டு, தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்து, சீழ் கோக்கிறது என்றால் அது வேனக்கட்டி. காய்ச்சலும் சேர்ந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். நீங்களாகக் கீற வேண்டாம்.

ஆளை ஏமாற்றுவது மூன்றாவது ஒன்று. மேல்முதுகிலும் நெஞ்சிலும் தோளிலும் ஒரே அளவில் சின்னச் சின்னக் குருக்கள் நிறைய வரும். நடுவில் கறுப்பு முனையாகத் தெரிகிற கரும்புள்ளி இருக்காது. வியர்த்தால் அரிக்கும். பார்க்கப் பரு மாதிரியே இருக்கும், ஆனால் அது பூஞ்சை. தேமலுக்கும் பொடுகுக்கும் காரணமான அதே மலசீசியாதான் மயிர்க்காலுக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்கிறது. பருவுக்கான ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இது கூடத்தான் செய்யும். எனக்கு அதிகம் இழுத்தடித்தது இந்த இடம்தான், ஏனென்றால் என் உடம்பில் இரண்டும் கலந்து இருந்தது. நெஞ்சில் அரித்ததெல்லாம் பூஞ்சை, தோள்பட்டைக்குக் கீழே வலித்ததெல்லாம் பரு. ஒரே மருந்தை இரண்டுக்கும் போட்டால் பாதி குறையும், பாதி அப்படியே நிற்கும். நமக்கோ மருந்தே சரியில்லை என்று தோன்றும்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி: வீட்டில் யாரையாவது பகல் வெளிச்சத்தில் முதுகைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெரிதும் சிறிதுமாகக் கலந்து, நடுவில் கறுப்பு முனை, வெள்ளை முனை, உள்ளே கட்டி என்று இருந்தால் பரு. அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஒரே அளவில் இருந்து, அரிப்பும் இருந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புவை அந்த இடத்தில் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அடங்காவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள், மாத்திரை தேவைப்படலாம்.

கடையில் என்ன கேட்பது

மெடிக்கலில் போய், "அண்ணாச்சி, முதுகுல பருவுக்கு ஏதாவது குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று நான்கு மருந்து கலந்த க்ரீம் ஒன்று கைக்கு வரும். ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன் என்று எதாவது அச்சிட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. போட்ட வாரம் சிவப்பு அடங்கும். விடாமல் போட்டால் தோல் மெலிந்து வரிவிழும், அந்த ஸ்டீராய்டே புதுப் பருவையும் கிளப்பும்.

பெயர் சொல்லிக் கேளுங்கள்: பென்சாயில் பெராக்சைடு, 2.5 அல்லது 5 சதவீதம், வாஷ் அல்லது ஜெல். மயிர்க்காலுக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்வது இதன் வேலை. ஆன்டிபயாடிக் களிம்பு போல நாளாவட்டத்தில் கிருமிக்குப் பழகிப்போவதில்லை. 10 சதவீதம் வேண்டியதே இல்லை. பருவைக் குறைப்பதில் 2.5-க்கும் 10-க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, எரிச்சலில்தான் வித்தியாசம். கரும்புள்ளி நிறைய உள்ளவர்கள் 2 சதவீத சாலிசிலிக் அமில வாஷையும் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்க்கலாம். நான் சேர்க்கவில்லை.

அப்புறம் வெள்ளை ஈரிழைத் துண்டு இரண்டு. வெள்ளை என்று சும்மா சொல்லவில்லை. பென்சாயில் பெராக்சைடு பட்ட துணி சாயம் போகும். கறுப்புச் சட்டையின் தோளில் செங்காவித் திட்டு விழுந்தால் எந்த சோப்புக்கும் போகாது.

பீர்க்கங்காய் நார், நைலான் நார், முதுகு தேய்க்கிற பிரஷ் எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். பரு அழுக்கினால் வருவதில்லை. எண்ணெய்ச் சுரப்பியின் வாய் செத்த தோலால் அடைபட்டு உள்ளே கிருமி பெருகுவதால் வருகிறது. தேய்க்கத் தேய்க்கப் பரு உடைந்து கறையாகும். நம் நிறத்துக்குப் பரு போன பிறகும் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். எலுமிச்சையும் கல்லுப்பும் கூடவே கூடாது.

குளியல்

புது ஆட்கள் முதல் நாள் முன்கையில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வரிசை முக்கியம்.

தலைக்குக் குளிக்கிற நாளில் தலையை முதலில் முடியுங்கள். ஷாம்புவும் கண்டிஷனரும் முதுகில் வழிந்து தங்கினால் அதுவே அடைப்பாகும். குனிந்து நின்று முடியை முன்பக்கம் போட்டு அலசுங்கள். பிறகு உடம்புக்குச் சோப்பு. எல்லாம் முடிந்த பிறகுதான் மருந்து.

குழாயை மூடுங்கள். முதுகு ஈரமாக இருக்கலாம், தண்ணீர் ஓடக்கூடாது. மருந்தைத் தடவிவிட்டு இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சோப்பு மாதிரி தடவிய கையோடு கழுவினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும். நான் அந்த நேரத்தில் பல் தேய்ப்பேன், சவரம் செய்வேன். பாட்டு வைத்துக்கொள்கிறவர்கள் ஒரு பாட்டு முடிகிறவரை நிற்கலாம்.

கை எட்டாத நடுமுதுகுக்கு என்ன செய்வது? கடையில் நீளக் கைப்பிடியோடு பஞ்சு வைத்த கருவி விற்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. மருந்தில் பாதியைப் பஞ்சே குடித்துவிடும், ஈரத்திலேயே கிடந்து நாற்றமும் அடிக்கும். பழைய மரத் தோசைத்திருப்பி ஒன்றை எடுத்து, அதன் தட்டைப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரை இறுக்கிச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள். புளியங்கொட்டை அளவு ஜெல்லை அதில் வைத்து, தோளுக்கு மேலாக விட்டு மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. பிறகு இடுப்புப் பக்கமாகக் கையைக் கொண்டுபோய்க் கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. பிளாஸ்டிக் குடிக்காது, மருந்து முழுதும் தோலுக்கே. (தோசைத்திருப்பியைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோகக்கூடாது. எங்கள் வீட்டில் அதன்மேல் பெயரே எழுதிவைத்திருக்கிறோம்.)

கழுவும்போது வழவழப்பு போகிறவரை கழுவுங்கள். மிச்சம் இருந்தால் வியர்வையோடு சட்டைக்கு இறங்கும். துவட்டும்போது துண்டை முதுகுக்குக் குறுக்கே போட்டு மத்துக் கயிறு மாதிரி இழுக்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எரியவில்லை என்றால் தினமும். தோல் வறண்டு உரிந்தால் இரண்டு நாள் நிறுத்துங்கள், எண்ணெய்ப் பிசுக்கில்லாத மாய்ச்சரைசர் லேசாகப் போடுங்கள்.

சட்டை, பை

முதுகுப்பை அழுத்துகிற இடத்தில் வியர்வையும் உரசலும் சேர்ந்தால் பரு வராமல் என்ன செய்யும்? நான் பையை பெட்ரோல் டேங்க் மேல் வைக்கிற மாதிரி மாற்றினேன். பாலியஸ்டர் சட்டை வேண்டாம். பருத்திப் பனியன் போடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்துவிட்டு அதே சட்டையோடு சாயங்காலம் வரை சுற்றுவதைத்தான் சொல்கிறேன்.

எண்ணெய்க் குளியல், குற்றாலம்

சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பதை விடச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், தெரியும். விட வேண்டாம், தலையோடு நிறுத்துங்கள். பரு இருக்கிறவரை முதுகுக்கும் நெஞ்சுக்கும் எண்ணெய் வேண்டாம். தேங்காய் எண்ணெய் மயிர்க்காலை அடைக்கும். அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் அந்தப் பூஞ்சைக்குத் தீனி. நல்லெண்ணெய்க்கும் விலக்கு இல்லை.

சாரல் தொடங்கியதும் குற்றாலம் கிளம்புவோம். ஐந்தருவிக்குப் போகிற வழியில் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து மசாஜ் பிடித்துக்கொள்வது பழைய வழக்கம். அருவித் தண்ணீர் எண்ணெயைக் கழுவிவிடும் என்பது வெறும் நம்பிக்கை, சோப்பு இல்லாமல் எண்ணெய் போகாது. அதோடு ஈரத் துணியிலேயே வேனில் உட்கார்ந்து திருநெல்வேலிவரை வந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மாற்றுத் துணி கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு குளியல்.

எவ்வளவு நாள்?

எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். அதற்குள் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எது கேட்டது என்றே தெரியாது. பாதிக்குமேல் குறையவில்லை என்றால் இரவில் 0.1 சதவீத அடாப்பலீன் ஜெல்லைக் காய்ந்த முதுகில் மெல்லிசாகப் போடலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொடக்கூடாது. உள்ளே கட்டிகட்டியாக வந்து குழித்தழும்பு விழுந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது.

சாப்பாடு பற்றி ஒரே வரி: இனிப்பும் மைதாவும் சிலருக்குப் பருவைக் கூட்டும். அல்வாவை விடச் சொல்ல எனக்கு மனசு இல்லை.

பின்சேர்க்கை

போர் தண்ணீரில் குளிக்கிற ஒருவர், சோப்பு நுரைக்கவே இல்லை, முதுகு பிசுபிசுக்கிறது என்று எழுதியிருந்தார். உப்புத் தண்ணீரில் சாதாரண சோப்பு திரிந்து தோலில் படியும். சோப்பில்லாத சின்டெட் பார் வாங்குங்கள். இல்லாவிட்டால் கடைசி இரண்டு செம்பாவது தாமிரபரணித் தண்ணீராக ஊற்றுங்கள்.

ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கு: வே புரோட்டீன் தொடங்கிய பிறகு முதுகு வெடித்தது என்றால் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். தசை ஏற ஹார்மோன் ஊசி போடச் சொல்கிற பயிற்சியாளர் என்றால் ஜிம்மையே மாற்றுங்கள். அந்த ஹார்மோன் போடுகிறவரை எந்த வாஷும் கேட்காது.

கறுப்புக் கறைக்கு அசெலிக் அமிலக் க்ரீம் உதவும், மெதுவாக. கர்ப்ப காலத்திலும் டாக்டர்கள் எழுதுகிற மருந்து அது.

ஒரு தங்கை கேட்டது: "அண்ணா, அடுத்த வாரம் கல்யாணம், ஜாக்கெட் முதுகு இறக்கித் தச்சாச்சு, என்ன செய்ய?" ஒரு வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதே அம்மா. எரிந்து சிவந்தால் பருவைவிட அதுதான் பளிச்சென்று தெரியும். ஒன்றிரண்டு பெரிய கட்டி மட்டும் என்றால் தோல் டாக்டர் அதற்குள்ளேயே சின்ன ஊசி போட்டு ஓரிரு நாளில் வற்றவைப்பார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள்வரை காத்திருக்காமல் இன்றைக்கே போய்விடு. நலங்கு வைக்கிற அத்தைமார்களிடம் முதுகை விட்டுவிடச் சொல்லிவிடு.