பனிக்காட்டில் என்ன பார்க்க வேண்டும்? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலக் காடுகள் எப்படி இருக்கின்றன என்று அறிய ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் நல்ல காலம் என்பேன். கோடையில் இலையும் புதரும் மறைத்து வைத்ததெல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும். யார் நடந்தார்கள், எதைத் தின்றார்கள், எந்த மரம் நோயில் இருக்கிறது என்பது வரை.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

பனி பெய்து ஓய்ந்து ஓர் இரவு கழிந்த காலை வேளை சரியாக இருக்கும். அந்த இரவில் விலங்குகள் நடமாடியிருக்கும்; வெயில் பட்டுத் தடம் விரிந்திருக்காது. ஓர் அளவுகோல், கைபேசி, பனியில் புதையாத காலணி போதும். ஜனவரியில் மாலை நான்கு மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கும் என்பதால், எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 2: ஏற்கெனவே உள்ள பாதையில் நடங்கள்

பனி ஆழமாக விழுந்த இடத்தில் அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டாகும். மேலே கடுங்குளிர் அடித்தாலும் அங்கே வெப்பம் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கும். வயல் எலிகளும் மூஞ்சூறுகளும் குளிர்காலம் முழுவதும் வாழ்வது அங்கேதான். கண்ட இடத்தில் மிதித்தால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும்.

படி 3: தடத்தைப் பாருங்கள்

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பனிமுயலின் தடம். பெரிய இரண்டு தடங்கள் முன்னே, சிறிய இரண்டு பின்னே இருக்கும். பெரியவை பின்னங்கால்கள்; தாவும்போது அவை முன்னங்கால்களைத் தாண்டி விழுகின்றன. ஆகவே பெரிய தடங்கள் இருக்கும் பக்கம்தான் முயல் போன திசை. நக நுனி தெரியாத வட்டத் தடம் என்றால் பூனை இனம். மெய்னின் வடபகுதியில் அது லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனையாகவும் இருக்கலாம். நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் நரி அல்லது ஓநாய் போன்ற கொயோட்டி.

படி 4: கடிபட்ட கிளை நுனியைப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் நுனி இருந்தால் தின்றது முயல். நார் நாராகக் கிழிந்திருந்தால் மானோ, மான் இனத்திலேயே மிகப் பெரிய மூஸோ; அவற்றுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் கிளையைப் பற்றி இழுத்துத்தான் பிய்க்க முடியும். உயரத்தையும் அளந்து குறியுங்கள். தலைக்கு மேலே கிழிந்திருந்தால் மூஸ்தான். மேப்பிள் கன்றுகள் எல்லாமே ஒரே மட்டத்தில் மொட்டையாக நின்றால், காட்டால் தாங்க முடியாத அளவுக்கு மான்கள் பெருகிவிட்டன என்று சந்தேகிக்கலாம். பெரிய மரம் விழுந்தால் அதன் இடத்துக்கு வரக் கன்று இருக்காது.

மூஸ் படுத்தெழுந்த பள்ளத்தைக் கண்டால் அதில் ரத்தத் துளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குளிர்கால உண்ணிகள் ஒரே மூஸின் உடலில் பல்லாயிரக்கணக்கில் ஒட்டி ரத்தம் குடிக்கின்றன. இலையுதிர் காலம் நீண்டு பனி தாமதமானால் உண்ணிகளுக்கு மூஸைத் தொற்றக் கூடுதல் நாட்கள் கிடைக்கின்றன. மெய்னிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் சில ஆண்டுகளில், கண்காணிப்பில் இருந்த மூஸ் கன்றுகளில் பாதிக்கும் மேல் வசந்தத்துக்குள் செத்துப்போயின. மனத்தை வருத்தும் கணக்கு இது.

படி 5: ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் கிளையைப் புரட்டி அடிப்புறத்தைப் பாருங்கள்

ஊசியிலைகள் கிளையோடு சேரும் இடத்தில் பஞ்சுத் துணுக்குகள்போல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது சாறுறிஞ்சும் ஒரு பூச்சி. ஜப்பானிலிருந்து வந்த இது கிழக்கு அமெரிக்காவில் 1951-இல் வர்ஜீனியாவில் முதலில் கவனிக்கப்பட்டது. கடுங்குளிர் இதைக் கொல்லும்; குளிர் தணியத் தணிய வடக்கே ஏறி வருகிறது. கிளையை ஒடித்து எடுத்துவராதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநில வனத்துறைக்கு அனுப்புங்கள்.

படி 6: விலங்குகளை விட்டு விலகி நில்லுங்கள்

அடர்ந்த ஊசியிலை மரங்களின் கீழ் பனி குறைவாக இருப்பதால் மான்கள் அங்கே கூடிக் குளிர்காலத்தைக் கழிக்கும். ஆழப் பனியில் விரட்டப்படும் மான், வசந்தம் வரைக்கும் வைத்திருந்த கொழுப்பை ஓடியே செலவழிக்கும். இரக்கப்பட்டு மக்காச்சோளமும் போடாதீர்கள். சுள்ளி தின்று பழகிய வயிற்றில் திடீரென்று தானியம் விழுந்தால் அமிலம் பெருகி, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் இறக்கக்கூடும்.

சொந்தமாகக் காடு வைத்திருப்பவர்கள் மரம் வெட்ட வேண்டியிருந்தால் தரை உறைந்திருக்கும்போது வெட்டுங்கள். இயந்திரங்களின் எடையில் மண் இறுகாது. பட்டுப்போய் நிற்கும் மரங்களில் சிலவற்றை விட்டுவையுங்கள். மரங்கொத்தி குடைந்த பொந்தில் பிறகு பறக்கும் அணிலும் சிறு ஆந்தையும் குடியேறும்.