இரு அணியும் கோல் போடுமா? கணிப்புச் சந்தையில் முதல் ஆர்டர் வரை

கணிப்புச் சந்தை என்பது ஒரு விஷயம் நடக்குமா என்று பங்கு வாங்கி விற்கும் தளம். கால்பந்து ஆட்டத்தில் இரண்டு அணியும் ஆளுக்கொரு கோலாவது போட்டால் ‘ஆம்’ பங்குக்கு 1 டாலர் கிடைக்கும், இல்லாவிட்டால் பூஜ்யம். ‘இல்லை’ பங்குக்கு நேர்மாறு. ‘ஆம்’ 57 சென்ட்டுக்குப் போனால், வாய்ப்பு ஏறக்குறைய 57 சதவீதம் என்று சந்தை நினைக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் இருபது ஆட்டங்களுக்குப் பணம் வேண்டாம், நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தால் போதும்.

1. விதியைப் படியுங்கள்

பெரும்பாலும் 90 நிமிடமும் இஞ்சுரி டைமும்தான் கணக்கு. எக்ஸ்ட்ரா டைமும் ஷூட்அவுட்டும் சேராது. 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அட்லெட்டிகோ 1-0 என்று முன்னே இருக்க, 93ஆம் நிமிடத்தில் ரியல் மாட்ரிட்டின் ரமோஸ் தலையால் முட்டிப் போட்டார். அது ‘ஆம்’. 90 நிமிடம் 0-0 என்று முடிந்து, எக்ஸ்ட்ரா டைமில்தான் இரண்டு அணியும் போட்டிருந்தால் ‘இல்லை’. ஆட்டம் பாதியில் நின்றால் என்ன செய்வார்கள் என்பது தளத்துக்குத் தளம் மாறும்.

2. சொந்தக் கணக்கு

ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக உருவாக்கும் எக்ஸ்ஜி (xG, வாய்ப்புகளின் தரத்தை வைத்து எதிர்பார்க்கும் கோல் எண்ணிக்கை), எதிரணி விட்டுக்கொடுக்கும் எக்ஸ்ஜி இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஐந்தே ஆட்டங்களை நம்பாதீர்கள். அதில் ஒரு 5-0 இருந்தால் சராசரியே கெட்டுவிடும்.

ஒரு பக்கம் 1.6, மறுபக்கம் 1.1 வந்ததாக வைப்போம். கால்குலேட்டரில் 2.718க்கு அடுக்கு மைனஸ் 1.6 போட்டால் 0.20, அதுதான் அந்த அணி கோலே போடாத வாய்ப்பு. போடும் வாய்ப்பு 0.80. அடுத்த அணிக்கு 0.67. பெருக்கினால் 53 சதவீதம்.

இப்போது 2.2, 0.5 என்று மாற்றிப் பாருங்கள். மொத்தம் அதே 2.7 கோல்தான், விடை 35 சதவீதம்! ‘கோல் மழை’ ஆட்டம் என்று ‘ஆம்’ வாங்குகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பார்க்க வேண்டியது பலவீனமான அணி ஒன்றாவது போடுமா என்பதை.

அணிப் பட்டியல் வந்ததும் கணக்கைத் திரும்பப் போடுங்கள். 1.1 அணியின் ஸ்ட்ரைக்கர் இல்லாமல் அது 0.8 ஆனால் 44 சதவீதம், அதே 0.3 வலுவான அணியில் குறைந்தால் 49தான்.

3. விலையோடு ஒப்பிடுங்கள்

வாங்கும் விலை ‘ஆம்’ 57, ‘இல்லை’ 46 என்று வையுங்கள். உங்கள் கணக்கில் ‘ஆம்’ 53, அதாவது நாலு சென்ட் நஷ்டம். ‘இல்லை’ 47, ஒரே சென்ட் லாபம், அதையும் கட்டணம் தின்றுவிடும். இந்த விலைக்கு இரண்டையும் விடுங்கள்.

4. ஆர்டர்

மார்க்கெட் ஆர்டர் வேண்டாம்; ஆள் குறைந்த சந்தையில் கிடைத்த விலைக்கு மாட்டிவிடும். ‘இல்லை’க்கு உங்கள் 47ஐவிட ஆறு சென்ட் கீழே, 41இல் லிமிட் ஆர்டர் (அந்த விலைக்கு மேல் வாங்காத ஆர்டர்) வையுங்கள். 100 பங்குக்கு 41 டாலர். நஷ்டம் அதற்கு மேல் போகாது, கட்டணம் தனி.

5. விசில் ஊதும் முன்

நிறைவேறாத ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள். 10ஆம் நிமிடத்தில் வலுவான அணி கோல் போட்டால் ‘இல்லை’யின் மதிப்பு 38க்கு இறங்கிவிடும், உங்கள் திரைக்கு அந்தக் கோல் வந்து சேரும் முன்பே 41க்கு யாராவது உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள்.