ஷூவை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்
புதுச்சேரி நேரு வீதியில் கல்யாணத்துக்கு ஷூ தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை. ஏமாற்றுவதும் அதுதான். முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெல்லிய சுருக்கங்கள் விழுந்து மறைந்தால் நல்ல தோல். பிளாஸ்டிக் மாதிரி மொத்தமாகக் குழிந்தால் பூச்சு தடிமன். நாளடைவில் மடிப்பில் வெடிக்கும்.

அப்புறம் அடிப்பாகம். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் ஷூக்களில் ஓரத்தைச் சுற்றி ஒரு பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். குட்இயர் வெல்ட் என்று பெயர். அடி தேய்ந்தால் பிரித்து மாற்றலாம். மலிவு ஷூவில் அந்தத் தையல் பெரும்பாலும் வெறும் அலங்காரம், அடியைப் பிடித்திருப்பது பசை. ஐப்பசி மழையில் என் ஷூ ஒன்று மண்டப வாசலிலேயே வாயைப் பிளந்தது! குறைந்த விலையில் வெல்ட் கிடைப்பது கஷ்டம்தான். சரி, உள்பக்கமாவது தோல் லைனிங்கா என்று பாருங்கள். சாயங்காலம் போங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். அளவு சரியாக அமையும்.