டி.எஃப்.எஸ்.ஏ.யில் பணம் போடும் முன்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அண்ணா, ஊர்ல இருந்து கொண்டுவந்த பணத்தை எங்க போடலாம்?" மூவரும் டொராண்டோ வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர்கள். மூவரிடமும் யாரோ ஒருவர், "டி.எஃப்.எஸ்.ஏ.ல போட்டுடுங்க, வரியே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். டி.எஃப்.எஸ்.ஏ. என்பது கனடாவின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். நான் கேட்டேன், போட்டேன், 4,305 டாலர் தண்டம் கட்டினேன். இன்னொருவர் கட்டக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வந்ததும் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். முதல் வாரத்திலேயே சர்வீஸ் கனடா அலுவலகம் போய் சின் எண் (சமூகக் காப்பீட்டு எண்) வாங்குங்கள். ஒரு வங்கிக் கணக்கும் ஒரு கிரெடிட் கார்டும் எடுத்து, கார்டு பாக்கியை மாதாமாதம் முழுசாகக் கட்டுங்கள். ஊரில் உங்களுக்கு எவ்வளவு நல்ல சிபில் (கடன்) மதிப்பெண் இருந்தாலும் இங்கே அது செல்லாது. குழந்தைகள் இருந்தால் அரசு தரும் குழந்தை உதவித்தொகையான சைல்டு பெனிஃபிட்டுக்கு உடனே விண்ணப்பம் போடுங்கள். சம்பாத்தியமே இல்லாத ஆண்டாக இருந்தாலும் ஏப்ரல் 30-க்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். அதில் நீங்கள் கனடாவில் குடியேறிய தேதியைக் கேட்பார்கள். அதைச் சரியாக எழுதுங்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் பின்னால் எல்லாமே கணக்காகும்.

இனி டி.எஃப்.எஸ்.ஏ. 2009-இல் வந்த சேமிப்புக் கணக்கு இது. உள்ளே இருக்கும் பணம் எவ்வளவு வளர்ந்தாலும் வரி இல்லை, எடுக்கும்போதும் வரி இல்லை. ஆனால் எவ்வளவு போடலாம் என்பதற்கு ஆண்டுதோறும் ஓர் உச்சவரம்பு உண்டு. 2022-இல் 6,000 டாலர், 2023-இல் 6,500, 2024-இல் 7,000. ஓர் ஆண்டு போடாமல் விட்டால் அந்தத் தொகைக்கான இடம் வீணாகாது, அடுத்த ஆண்டோடு சேர்ந்துகொள்ளும். 2009-லிருந்து இங்கேயே இருந்து, அப்போதே 18 வயது ஆகியிருந்த ஒருவர் ஒரு டாலர்கூடப் போடவில்லை என்றால், 2022-இல் அவருக்கு 81,500 டாலர் வரை இடம் இருந்தது.

என் அலுவலக நண்பர் எனக்குச் சொன்னது இந்த 81,500-ஐத்தான். அவர் மிசிசாகாவிலேயே வளர்ந்தவர். அவரைப் பொறுத்தவரை அந்த எண் சரி. நான் வந்து இறங்கியது 2021 நவம்பரில். புதிதாக வருபவருக்கு வந்த ஆண்டிலிருந்துதான் இடம் சேர ஆரம்பிக்கும். ஆக 2021-க்கு 6,000, 2022-க்கு 6,000, மொத்தம் 12,000 டாலர்தான் என் இடம். அது எனக்குத் தெரியாது.

2022 மார்ச் மாதம்தான் ஊரிலிருந்து பணம் வந்தது. மன்னார்குடி பக்கத்தில் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையை, அவர் போன பிறகு விற்றோம். வாங்கிய நாளிலிருந்து வருஷம் தவறாமல் பொங்கல் முடிந்ததும் போய் எல்லைக்கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். என்னையும் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார். நான்கு மூலையிலும் கல்லைக் காலால் தட்டிப் பார்த்த பிறகுதான் திரும்புவோம். அந்த மனையின் பணம் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வருமானத்தை வைக்கும் வங்கிக் கணக்கு) வந்து, ஆடிட்டரிடம் 15சிபி சான்றிதழ் வாங்கி, 15சிஏ படிவம் போட்டு, ஒருவழியாக 40,000 டாலராக இங்கே வந்து சேர்ந்தது. வங்கிச் செயலியில் டி.எஃப்.எஸ்.ஏ. திறந்து முழுத்தொகையையும் போட்டேன். இரண்டு நிமிட வேலை. எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

நம் ஊர்ப் பழக்கம் காலை வாருவது இந்த இடத்தில்தான். ஊரில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய்தான் போடலாம். கூடுதலாகக் கட்டப் போனால் கவுண்டரில் இருப்பவரே சலானைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் நமக்கு ஒரு நம்பிக்கை: வாங்கிக்கொண்டார்கள் என்றால் போடலாம் என்றுதான் அர்த்தம். இங்கே அப்படி இல்லை. உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது. கணக்குப் பார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. வங்கிகள் ஆண்டுக்கு ஒருமுறை விவரத்தை வரித்துறைக்கு அனுப்பும். அங்கே அதைச் சரிபார்த்து உங்களுக்குக் கடிதம் வருவதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிடும்.

எனக்கு 2023 ஜூலையில் வந்தது. பழுப்பு நிற உறை. சாப்பாட்டு மேசையில் வைத்து மனைவிதான் பிரித்தாள். "ஏங்க, மாசத்துக்கு ஒரு சதவீதம்னு போட்டிருக்கே" என்றாள். வருஷத்துக்காக இருக்கும் என்றேன். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மாதத்துக்குத்தான்.

வரம்புக்கு மேல் போட்ட தொகைக்கு, அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதம் வரி. எனக்கு 28,000 டாலர் அதிகம். மாதம் 280. மார்ச் முதல் டிசம்பர் வரை பத்து மாதத்துக்கு 2,800. 2023 பிறந்ததும் 6,500 புது இடம் கிடைத்ததால் அதிகம் 21,500 ஆகக் குறைந்தது. ஜூலை வரை ஏழு மாதம், மாதம் 215 வீதம் 1,505. கூட்டினால் 4,305. அன்றைய மதிப்பில் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல். இது போக, இந்த வரியைக் கணக்குக் காட்டும் 2022-க்கான ஆர்.சி.243 படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2023 ஜூன் 30. எனக்குக் கடிதம் வந்ததோ ஜூலையில். தாமதத்துக்கும் சேர்த்துக் கட்டினேன். அன்று இரவு எனக்கு அந்த எல்லைக்கல் ஞாபகமாகவே இருந்தது. அப்பா ஓர் அடி நிலம்கூடப் போகாமல் பார்த்துக்கொண்ட சொத்து.

உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால், யார் தப்பு என்று விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே அதிகப்படியான பணத்தை வெளியே எடுங்கள். மாதம் முடிவதற்குள் எடுத்தால் அடுத்த மாத வரியாவது மிச்சம். பிறகு, நியாயமான காரணத்தால் நடந்த தவறு, தெரிந்ததும் தாமதிக்காமல் எடுத்துவிட்டேன் என்று ஆதாரத்தோடு எழுதி, வரியைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எனக்குக் கிடைக்கவில்லை. சட்டம் தெரியாது என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் நிற்காது.

இன்னொரு வகையிலும் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் கட்டடத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருபது வருஷமாக இங்கே இருப்பவர். தன் இடம் முழுவதையும் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார். மகளின் அரங்கேற்றத்துக்காக மே மாதம் 6,000 டாலர் எடுத்தார். சீட்டுக் காசு கைக்கு வந்ததும் ஆகஸ்டில் அதைத் திரும்ப வைத்தார். அவருக்கும் பழுப்பு உறை வந்தது. "தம்பி, நான் என்ர காசை எடுத்துத் திருப்பி வச்சனான், இதுக்கு என்னத்துக்கு வரி?" என்று என்னிடம் கேட்டார். எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1-ஆம் தேதிதான் திரும்பக் கிடைக்கும். அதுவரை அது வரம்புக்கு மேல் போட்ட பணம்தான். ஐந்து மாதத்துக்கு 300 டாலர் கட்டினார்.

வரித்துறையான சி.ஆர்.ஏ.வின் இணையக் கணக்கில் உங்கள் இடம் இவ்வளவு என்று ஓர் எண் தெரியும். அதை மட்டும் நம்பாதீர்கள். இந்த ஆண்டு நீங்கள் போட்டதும் எடுத்ததும் அதில் ஏறியிருக்காது. ஒரு நோட்டில் நீங்களே எழுதி வையுங்கள்.

ஓய்வுக்காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பலர் முப்பத்தைந்து, நாற்பது வயதில்தான் வருகிறோம். வேலை பார்க்கும் இடத்தில் ஆர்.ஆர்.எஸ்.பி. என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்துக்கு நிறுவனமும் பங்கு போடுகிறது என்றால் அதை முதலில் எடுங்கள். ஆனால் ஆர்.ஆர்.எஸ்.பி. இடம் முந்தைய ஆண்டு இங்கே சம்பாதித்ததில் 18 சதவீதம். ஆகவே முதல் ஆண்டில் உங்களுக்கு இடமே இருக்காது. சம்பளத்தில் பிடிக்கும் சி.பி.பி. (கனடா ஓய்வூதியத் திட்டம்) உங்கள் பெயரில்தான் சேர்கிறது. முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.எஸ். முழுதாகக் கிடைக்க 18 வயதுக்குப் பிறகு 40 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். குறைந்தது 10 ஆண்டு இருந்தால், எத்தனை ஆண்டு இருந்தீர்களோ நாற்பதில் அத்தனை பங்கு கிடைக்கும். வயதான காலத்தில் ஊருக்கே போய் இருந்துகொண்டு அதை வாங்க நினைத்தால் 20 ஆண்டு வேண்டும். எனக்கு அந்த ஆசை இருக்கிறது, அதனால் நான் 2041 வரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்தியாவுக்கும் கனடாவுக்கும் 2015-லிருந்து சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்த காலம் இங்கே தகுதி பெற உதவலாம். பழைய பி.எஃப். காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம் என்.ஆர்.இ. வைப்பு, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் இந்திய வங்கியில் போட்டு வைக்கும் பணம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறார்கள். கனடாவில் வரி உண்டு, காட்டியே ஆக வேண்டும். வெளிநாட்டில் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் வைப்பு, பங்கு, வாடகை வீடு எல்லாம் சேர்த்து அடக்கவிலை 1,00,000 டாலரைத் தாண்டினால் இரண்டாம் ஆண்டிலிருந்து டி1135 என்ற வெளிநாட்டுச் சொத்துப் படிவமும் கொடுக்க வேண்டும்.

2024 கடைசியில் என் மச்சான் குடும்பத்தோடு வந்தார். முதலில் ஜனவரி 3-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருந்தார். டிசம்பர் 29-க்கு மாற்றச் சொன்னேன். அந்த ஆண்டில் மூன்றே நாள் இங்கே குடியிருந்தாலும் அந்த ஆண்டின் 7,000 டாலர் இடம் முழுசாகக் கிடைக்கும், கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாக. பொங்கல் அன்று அவர் வீட்டுக்குப் போய், ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தில் நானே எழுதினேன்: 2024 – 7,000. 2025 – 7,000. போட்டது – இல்லை.