குதிரைலாட நண்டு: பெயரை நம்பி ஏமாற வேண்டாம்

முதல் தவறு பெயரிலேயே இருக்கிறது. குதிரைலாட நண்டு என்ற கடல் உயிரி நண்டே இல்லை. மேலே இருக்கும் ஓட்டைப் பார்த்தால் தெரியாது. புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நண்டு, இறாலுக்கெல்லாம் இரண்டு ஜோடி உணர்கொம்புகள் உண்டு. இதற்கு ஒன்றுகூடக் கிடையாது. வாய்க்கு முன்னால் ஒரு ஜோடிச் சின்ன இடுக்கிகள் இருக்கும். சிலந்திக்கும் தேளுக்கும் இருக்கிற அதே உறுப்பு. அப்புறம் ஐந்து ஜோடிக் கால்கள், அவற்றுக்கு நடுவில் வாய். தாடை இல்லை, கால்களின் அடியில் உள்ள முட்களே இரையை நசுக்கி உள்ளே தள்ளும். பின்பக்கம் புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்காகச் செவுள்கள்.

இது சிலந்தியின் சொந்தம் என்று 1881-லேயே பிரிட்டிஷ் விலங்கியலாளர் ரே லாங்கெஸ்டர் எழுதிவிட்டார். அதற்காக 'இது சிலந்திதான்' என்று அடித்துச் சொல்வதும் அவசரம். சிலந்தி, தேள் கூட்டத்துக்குப் பக்கத்துக் கிளையா, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒன்றா என்ற வாதம், 2019-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகும் ஓயவில்லை.

எல்லாம் ஒரே இனம் என்று நினைப்பது ஆபத்திலும் முடியலாம். இன்று உயிரோடிருப்பவை நான்கு இனங்கள்: ஒன்று வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், மூன்று ஆசியாவில். ஒடிசா, வங்கக் கரையில் இரண்டு உண்டு. வாலின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருந்தால் ஒன்று, உருண்டையாக இருந்தால் மற்றது. உருண்டை வால்காரன் அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழ்வது. அதன் முட்டையில் பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு இருக்கலாம். சமைத்தாலும் அது போகாது. தாய்லாந்தில் அதைத் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு.

'45 கோடி ஆண்டாக மாறவே இல்லை' என்று எழுதுவதும் சரியல்ல. கனடாவில் கிடைத்த சுமார் 44.5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவம் இதன் உறவுதான், இன்றுள்ள இனம் அல்ல.

இனி வால். தேளின் கொடுக்கு போலத் தெரிவதால் பயந்து அடித்துப் போடுகிறார்கள். அது கொட்டாது, அதில் விஷமும் இல்லை. அலை கவிழ்த்துப் போட்டால் மணலில் ஊன்றிப் புரள்வதற்கான கம்பு அது. மே, ஜூனில் பௌர்ணமி, அமாவாசை இரவுகளில் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாக் கரைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிட வருகின்றன. கவிழ்ந்து கிடப்பவை விடிந்ததும் வெயிலில் செவுள் காய்ந்து சாகும், கடற்காக்கைகளும் கொத்தும். காப்பாற்ற நினைத்து வாலைப் பிடித்துத் தூக்குவது இன்னொரு தவறு; வாலின் மூட்டு பிசகினால் அடுத்த முறை தானாகப் புரள முடியாது. ஓட்டின் இரு விளிம்பையும் பிடித்துத் திருப்பி விடுங்கள், அது போதும்.

நீல ரத்தம் நோய் தீர்க்கும் மருந்தும் அல்ல. செம்பு இருப்பதால் நீலம்; பாக்டீரியா நச்சு பட்டதும் உறைவதால், ஊசி மருந்துகள் சுத்தமா என்று சோதிக்க உதவுகிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 1977-இல் அந்தச் சோதனையை ஏற்றது. ரத்தம் எடுத்துக் கடலில் விட்டாலும் ஒரு பங்கு செத்துப்போகிறது.

கரையில் அசையாமல் கிடக்கும் எல்லாம் பிணமும் அல்ல. முன் விளிம்பில் வளைவாக ஒரு கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை உரிக்கும்போது நண்டு பின்பக்கமாகக் கழன்று வரும். இது முன்பக்கம் பிளந்து ஊர்ந்து வெளியேறும். கீறல் இருந்தால் அது பாம்புச் சட்டை போல உரித்துப் போட்ட ஓடு. உரித்தது இன்னும் கொஞ்சம் பெரிதாகிக் கடலடியில் நடந்துகொண்டிருக்கும்.