அப்பாவின் அம்பாசிடரைத் திதிக்கு முன் எழுப்புவது எப்படி

வாரமெல்லாம் கடை, வீடு, பிள்ளைகள் படிப்பு என்று ஓடியவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார். அவர் போனபின் அந்த வண்டி ஷெட்டில் உறை போர்த்தி நிற்கும். வருடத் திதி வரும்போது "அப்பா வண்டியை ஒரு ரவுண்டு எடுப்போமே" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அன்றைக்கே பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பாதீர்கள். நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரின் ஆயில் வடிந்து, துரு பிடித்திருக்கும். பிஸ்டன் ரிங் அதில் உரசினால் சுவரில் கோடு விழும். ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். கீழே உள்ளவை 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ள பழைய அம்பாசிடருக்கானவை.

முதலில் டேஷ்போர்டு அறையில் உள்ள பில்களையும் கணக்கு நோட்டையும் பத்திரப்படுத்துங்கள். கிளட்ச் பிளேட் கடைசியாக எப்போது மாறியது என்பது அவர் கையெழுத்தில் அங்கேதான் இருக்கும்.

ஸ்பார்க் பிளக் ஒயர்களில் டேப் ஒட்டி 1, 2, 3, 4 என்று எழுதிவிட்டுக் கழற்றுங்கள். ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-3-4-2; மாறினால் எஞ்சின் பிடிக்காது. நான்கு பிளக்கையும் எடுத்து, ஒவ்வொரு துளையிலும் 2 டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் நியூட்ரலில் வைத்து, முன்பக்கம் ஹேண்டில் போட்டு மெதுவாக இரண்டு சுற்று. இறுக்கமாக இருந்தால் பலம் காட்டாதீர்கள். மறுபடி ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். அப்போதும் அசையாவிட்டால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, 20W-50 எஞ்சின் ஆயில் சுமார் 4 லிட்டர் ஊற்றுங்கள்.

அதிகம் தொல்லை தருவது பெட்ரோல். டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை வந்தால், முழுவதும் வடித்துவிடுங்கள். புதியதோடு கலந்து தீர்க்க நினைத்தால் கார்புரேட்டர் ஜெட் அடைக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ஹோஸும் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் தகடும் உப்பி விரிசல் விடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பராக மாற்றுங்கள். எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் உள்ளே இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். "டக்" என்று விழ வேண்டும். தயங்கி இறங்கினால் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஸ்டார்ட் பண்ணக்கூடாது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் நீடில் ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வழிந்து சூடான புகைக்குழாய் மேனிஃபோல்டில் விழும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.38 மி.மீ., பிளக்கின் இடைவெளி 0.64 மி.மீ. பேட்டரி மாட்டுமுன் எந்த முனை பாடியோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த். காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறும்வரை பாருங்கள். பிறகுதான் பிளக். ஹேண்டிலால் ஸ்டார்ட் செய்பவர் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும். எஞ்சின் பின்னால் உதைத்தால் கட்டைவிரல் எலும்பு முறியும்.

எஞ்சின் ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் ரோட்டுக்கு எடுத்துவிடாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டரைத் துருவாக்கியிருக்கும். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுத்தால் மட்டும் போதாது. நான்கு சக்கரத்துக்கும் ரப்பர் கிட் மாற்றி, இடது பின்சக்கரத்தில் தொடங்கிக் காற்றெடுங்கள். டயர் பக்கவாட்டில் 2315 என்றிருந்தால் அது 2015-இன் 23-ஆம் வாரம். டயரின் பட்டன் (தரையில் படும் மேடு) நன்றாக இருந்தாலும், அவ்வளவு பழைய டயரை நம்பி ஏறாதீர்கள்.

பெயின்ட், தேய்ந்த ஸ்டீயரிங், டிரைவர் சீட்டில் அவர் உட்கார்ந்து விழுந்த குழி இவற்றைத் தொடாதீர்கள். மெக்கானிக் புது ரெக்சின் போடச் சொல்வார். ஸ்பிரிங் உடைந்திருந்தால் அடியிலிருந்தே மாற்றலாம், மேலுறையைப் பிரிக்கத் தேவையில்லை. குழி போய்விட்டால் பிறகு கிடைக்காது.

ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் அவர் பெயரில் இருந்தால், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. இறப்பை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் விண்ணப்பிப்பது விதி. தாமதமாகியிருந்தாலும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ஃபிட்னஸும் இன்ஷூரன்ஸும் நடப்பில் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

திதி முடிந்ததும் மறுபடி உறை போட்டு மறந்துவிடாமல், 15 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 20 நிமிடம் ரோட்டில் ஓட்டுங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் எஞ்சின் முழுச்சூடு ஏறாது, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் தண்ணீர் சேரும்.