இழைப்புளியைத் திட்டுமுன் மேசையைப் பாருங்கள்

பழங்காநத்தம் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருந்த இடத்தில் ஒரு பழைய கதவைப் படுக்கப்போட்டு, இரண்டு அங்குல ரீப்பரில் நான்கு கால் அடித்து, அதைத்தான் நான் இழைப்பு மேசை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பலகையைச் சீவிச் சமமாக்கும் இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினால் மேசை மொசைக் தரையில் அரை அடி போகும். அடுத்த தெரு ஆசாரி ஒருநாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன் தம்பி, பலகைய இழைக்கிறீகளா, இல்ல மேசையத் தேர் மாதிரி மாசி வீதி சுத்தவிடுறீகளா?”

அதுவரை குற்றம் எல்லாம் இழைப்புளி மேல்தான் என்று நினைத்திருந்தேன். மர இழைப்புளி போய் இரும்பு இழைப்புளி வந்தது. அப்போதும் பலகையில் அலை அலையாகத் தடம். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பலகை அசையாமல் உட்காராத வரைக்கும் எவ்வளவு கூரான அலகும் வேலை செய்யாது.

மேசையில் நடக்கும் முதல் தவறு எடை போதாமை. அதைவிட மோசம், கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் போடாமல் விடுவது. இழைக்கும்போது விசை கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை, மேசையின் நீளவாக்கிலும் போகிறது. வெறும் நான்கு கால் அந்த வாக்கில் ஆடத்தான் செய்யும். நீளப் பக்கம் இரண்டிலும் கீழே சட்டம் கொடுத்து, அதன் மேல் ஒரு பலகை பரப்பி, வீட்டில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தேன். கால்களுக்கு அடியில் பழைய டயர்த் துண்டு. மேசையின் தலைமாட்டைச் சுவரோடு முட்ட வைத்தேன். இத்தனைக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூடச் செலவில்லை.

உயரத்தையும் சாப்பாட்டு மேசையைப் பார்த்தோ சமையல் மேடையைப் பார்த்தோ வைக்காதீர்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, ஏறக்குறைய அந்த உயரம் போதும். பலருக்கு அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். அதற்கு மேல் போனால் உடம்பின் எடை பலகையில் இறங்காது. தோள்பட்டை மட்டும்தான் உழைக்கும். (தரையில் உட்கார்ந்து காலாலேயே பலகையை அமுக்கிப் பிடித்து இழைக்கிற ஆசாரிகளைப் பார்த்து, மேசையே வேண்டாம் என்று நானும் ஒரு வாரம் முயன்றேன். அது சின்ன வயதிலிருந்து பழகிய இடுப்புக்கு.)

அடுத்தது முட்டுக்கட்டை. பலகையின் முனை முட்டி நிற்க மேசையில் இரண்டு ஆணியை அடித்துவிட்டு ஆரம்பிப்பவர்கள் உண்டு. நானும் அடித்தேன். மூன்றாம் நாள் பலகை மெலிந்துவிட்டது, ஆணித் தலை மேலே நின்றது. அலகில் விழுந்த பொக்கையைத் தேய்த்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. ஆணிக்குப் பதில், இழைக்கும் பலகையின் கனத்தைவிடத் தாழ்வான ஒரு மரக்கட்டையைத் திருகாணியால் பிடியுங்கள். திருகாணித் தலை கட்டைக்குள் நன்றாகப் புதைந்திருக்கட்டும்.

முட்டுக்கட்டை சரியாக இருந்தாலும் பலகை தன் அடியிலேயே ஆடலாம். மரவாடியில் வாங்கி வருகிற பலகை எதுவும் முழுச் சமமாக இருக்காது; ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. மேடான பக்கத்தைக் கீழே வைத்தால் தொட்டில் போல ஆடும். குழியைக் கீழே வைத்தால் இரண்டு விளிம்பில் உட்காரும். மேட்டை முதலில் குறுக்குவாக்கில் இழைத்து இறக்கலாம். அப்படியும் ஒரு மூலை தூக்கினால் அங்கே மெல்லிய ஆப்பு ஒன்றைச் சொருகுங்கள். கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இழைத்தால் அந்த நேரம் சமமாகத் தெரியும், கையை எடுத்ததும் பலகை பழையபடி எழுந்துகொள்ளும். மெல்லிய பலகையில் இந்த ஏமாற்று இன்னும் அதிகம்.

இனி அலகு. கடையில் வாங்கிய அலகு பெரும்பாலும் தீட்டித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அருவாமனையோடு சேர்த்து அலகையும் கொடுத்துவிடாதீர்கள். வேகமாகச் சுற்றும் கல்லில் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று. அப்புறம் எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நிற்காது. கார்போரண்டம் கல்லிலோ, கண்ணாடி மேல் ஒட்டிய வாட்டர் பேப்பரிலோ கையால் தீட்டுவதே நல்லது. சரிவு 25 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் பிசிறு விளிம்பு முழுக்க வந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். பலர் அந்தப் பிசிறு வருமுன்னே நிறுத்திவிடுகிறார்கள்.

கூரான அலகு கிடைத்ததும் வரும் ஆசை, அதை நிறைய வெளியே நீட்டுவது. அலகை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு, இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். இரும்பு இழைப்புளியில் அலகை ஏற்றி இறக்கும் திருகில் சற்றுத் தளர்வு இருக்கும். அலகை உள்ளிழுத்த பின் கடைசிச் சுற்று எப்போதும் இறக்கும் பக்கமாக முடியட்டும், இல்லாவிட்டால் வேலை நடுவே அலகு பின்வாங்கும். மர இழைப்புளியில் அலகின் தலையில் தட்டினால் இறங்கும், கட்டையின் பின்புறம் தட்டினால் ஏறும். தட்டுவது என்றால் தட்டுவதுதான், தேங்காய் உடைப்பதல்ல. வெங்காயச் சருகு போலச் சுருள் வந்தால் அளவு சரி.

நாரின் போக்கைப் பார்க்காமல் தள்ளுவது எல்லாரும் செய்யும் தவறு. பலகையின் மேற்பரப்பைப் பார்த்துப் பயனில்லை, பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். ரேகைகள் எந்தத் திசையில் மேலேறி வருகின்றனவோ அந்தத் திசையில் தள்ள வேண்டும். எதிராகப் போனால் அலகு நாரைக் கிளப்பிப் பிய்த்துக்கொண்டு போகும். ஆட்டு முதுகை வாலிலிருந்து தலைக்குத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தேக்கு பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். வேம்பில் நார் பின்னிக் கிடப்பதால் ஒரே பலகையில் இங்கே வழுவழுப்பு, நான்கு விரல் தள்ளிப் பொறுக்குப் பொறுக்காகப் பெயரும். அங்கே அலகை மேலும் தூக்கி, அலகின் மேல் பொருத்தியிருக்கும் தகட்டை வெட்டு விளிம்புக்கு அரை மில்லிமீட்டர் நெருக்கத்தில் கொண்டுவந்து, சற்றுச் சாய்வாகத் தள்ளிப் பாருங்கள். பழகுவதற்கென்று வேம்பை எடுக்காதீர்கள். பெட்டி உடைத்த பைன் மரம் மலிவுதான், கைக்கும் இதம். ஒடிந்த ஆணி உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையின் இரு முனையும் தாழ்ந்து நடு உயர்ந்து நிற்கிறதா? தொடக்கத்தில் முன் குமிழிலும் முடிக்கும்போது பின் பிடியிலும் பாரம் இருக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கையால் தடவிப் பார்த்துச் சமம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். பலகையின் இரு முனையிலும் ஒரே அளவான நேர்க்கட்டை ஒவ்வொன்றைக் குறுக்காக வைத்து, குனிந்து ஒன்றின் மேல் விளிம்பை மற்றதோடு ஒப்பிடுங்கள். இணையாகத் தெரியாவிட்டால் பலகையில் முறுக்கு இருக்கிறது. உயர்ந்த இரண்டு எதிர் மூலைகளை மட்டும் இழைத்து இறக்குங்கள்.

கடைசியாக, ஈரம். ஒரு சித்திரை மாதம், இழைத்து முடித்த பலகையை மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டேன். சாயங்காலம் வெயில் பட்ட பக்கம் உலர்ந்து சுருங்கி, பலகை ஓடு மாதிரி வளைந்திருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்தாலும் இதே கதைதான். நிழலில், நடுநடுவே ரீப்பர் துண்டு கொடுத்து அடுக்குங்கள். வாங்கி வந்த பலகையையும் சில வாரம் அப்படியே வீட்டுக்குள் விட்டு அப்புறம் தொடுங்கள். கோடையில் இழைத்த மேசை இழுப்பறைக்கு மேலே அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) இடைவெளி விடுவது நல்லது. ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பும். என் இழுப்பறை ஒன்று அந்த ஆண்டு தை பிறந்த பிறகுதான் திறந்தது.